டவருக்குப் பக்கத்து வீடு

தணிகாசலம் எட்டாவது மாடியை விட்டுக் கீழே இறங்காமல் இரண்டு வருடம் ஆகியிருந்தது. இடுப்பெலும்பு உடைந்து, கம்பி வைத்துத் தைத்து, கோலூன்றி நடக்கப் பழகிய பிறகும் அவருடைய நடை வீட்டுக்குள்தான். லிஃப்ட் வாரத்தில் நான்கு நாள் ஓடாது. ஓடுகிற நாளில், நடுவில் நின்றுவிடுமோ என்று பயந்து அவர் ஏறமாட்டார். அடையாற்றங்கரைக் குடிசைகளை எடுத்துவிட்டு ஊருக்கு வெளியே அரசு கொடுத்த வீடு அது. ஜன்னலில் நின்றபடி, கீழே போகிறவர்களின் உச்சந்தலையைப் பார்த்துக்கொண்டிருப்பார். யாருக்கு வழுக்கை விழத் தொடங்கியிருக்கிறது என்பது அவர் சொல்லித்தான் மனைவி தேவானைக்குத் தெரியும்.

அவரைத் தரைக்குக் கொண்டுவர வேண்டும். தேவானை வீடு தேடியது அதற்காகத்தான்.

ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு தெருமுனையில் தள்ளுவண்டி போட்டு முப்பத்தொரு வருடமாக இஸ்திரி போடுகிறவள் அவள். ஒரு சட்டையைத் தொட்டால் அது வெயிலில் காய்ந்ததா, அறைக்குள் ஃபேன் காற்றில் காய்ந்ததா என்று சொல்லிவிடுவாள். எந்த வீட்டில் வேலைக்காரி மாறியிருக்கிறாள், எந்த வீட்டில் கணவன் மனைவி பேசிக்கொள்வதில்லை என்பதும் துணியிலேயே தெரிந்துவிடும். தெரிந்ததை யாரிடமும் சொன்னதில்லை. அந்தத் தெருவில் அத்தனை காலம் நிற்க முடிந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

புரோக்கர் வெள்ளைச்சாமி காட்டிய வீடு கொட்டிவாக்கத்தில், ஓர் உள்தெருவின் கடைசியில் இருந்தது. இரண்டு அறை, மேலே மொட்டை மாடி, தெருவுக்குச் சமமான வாசல். ஒரு படிகூட இல்லை. அவள் கையில் இருந்த சீட்டுப் பணத்துக்கும் நகைக்கும் எட்டிப்பிடிக்கிற விலை. காரணம் தெருமுனையில் நின்றது. பனைமரம் மூன்றை ஒன்றின்மேல் ஒன்று வைத்த உயரத்தில் ஒரு கரண்ட் டவர். அதிலிருந்து புறப்பட்ட கம்பிகள் வீட்டின் பின்மூலையை ஒட்டிப் போயின.

விஷயம் தெரிந்ததும் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். வங்கியில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பத்ரிநாராயணன், வேட்டிகளைக் கொடுக்க வந்தவர், போகாமல் நின்றார்.

"தேவானை, அந்த டவராண்ட வீடெல்லாம் வேண்டாம். உடம்புல கட்டி வரும்ங்கறா."

"யாரு சார் சொன்னது?"

"எல்லாரும்தான் சொல்றா."

"அந்த எல்லாரும் டவராண்ட குடிகீறாங்களா சார்?"

அவர் சிரித்துவிட்டார். "இல்லைன்னு வச்சுக்கோ."

"அப்போ குடிகீறவங்களைக் கேக்கறேன்."

தணிகாசலத்திடம் சொன்னபோது அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "சுச்சு போடாமலே பல்பு எரியுமாம். தலமுடி நட்டுக்குமாம். என்னக் கொல்லத்தான் வூடு பாக்குறியா?"

"உன் தலையில முடி எங்க கீது நட்டுக்க?"

அவள் அப்படிச் சொன்னாளே தவிர, பயம் அவளுக்கும் இருந்தது. ஆனால் பயத்தை வைத்து வேண்டாம் என்பதும், ஆசையை வைத்துச் சரி என்பதும் அவளுக்கு ஒன்றுதான். இரண்டிலும் நேரில் போய்ப் பார்ப்பது கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச்சாமி அவளை மொட்டை மாடிக்கு அழைத்துப்போனான். நைலான் கயிற்றில் மூன்று பருத்திச் சேலைகள் ஆடிக்கொண்டிருந்தன.

"பாத்தீங்களாக்கா, பக்கத்து வீட்டம்மா இங்கதான் துணி காயப்போடுறாங்க. ஆபத்துன்னா வருவாங்களா? நாளைக்கு நீங்க மேல ஒரு மாடி எடுத்து வாடகைக்கே விடலாம்."

தேவானை சேலை ஒன்றின் முந்தானையைப் பிடித்துப் பார்த்தாள். எட்டாக மடித்து அழுத்திய கோடுகள் அப்படியே இருந்தன. கஞ்சி மொடமொடத்தது. மற்ற இரண்டையும் தொட்டாள். மூன்றிலும் ஒரே கைவேலை.

"யாரு வூட்டுப் பொடவ பா இது?"

"பக்கத்து வீடுன்னு சொன்னேனேக்கா."

"இது தண்ணியவே பாக்கலியே. இஸ்திரி போட்டு மடிச்ச பொடவைய பிரிச்சுத் தொங்கவுட்டுகீறே. உன் பொண்டாட்டிதா?"

வேறு யாரிடமென்றாலும் செல்லுபடியாகியிருக்கும் வேலை அது.

"மடிச்சு எடுத்துக்கினு போ. அந்தப் பொண்ணு திரும்ப இஸ்திரிக்குக் குடுக்கணும் பாரு," என்றாள்.

கீழே இறங்கியவள் நேராகப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினாள். ஜஹீதா என்கிற அம்மாள். அங்கே பத்தொன்பது வருடமாக இருக்கிறவள். மாடியைப் பற்றிக் கேட்டதும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"மாடிக்கா? நாங்க யாரும் போறதே இல்லக்கா. எங்க வரிசைல ஒருத்தர் மேல ரூம் கட்ட தூண் எழுப்பினாரு. கரண்ட் ஆபீஸ்காரங்க வந்து, கம்பிக்கு இவ்ளோ கிட்ட கட்டக்கூடாதுன்னு நிறுத்திட்டாங்க. துணியெல்லாம் வாசல்லதான்."

"உடம்புக்கு?"

"எனக்கு சுகர். அது டவர் இல்லாத என் தங்கச்சிக்கும் கீது. மழையில கம்பி ஒரு சத்தம் போடும். மொத வருசம் தூங்கல. இப்போ காதுல வுழறதே இல்ல."

தேவானை அதையும் அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. மனைப் படத்தின் நகலோடு மின்சார அலுவலகத்துக்குப் போனாள். இரண்டு முறை திருப்பி அனுப்பினார்கள். மூன்றாம் முறை இளம்பெண் பொறியாளர் ஒருத்தி உட்காரவைத்துப் பேசினாள். இடத்துக்கே வந்து அளந்தும் பார்த்தாள். இப்போதிருக்கிற வீடு, கம்பியிலிருந்து விட வேண்டிய தூரத்துக்கு வெளியேதான் இருக்கிறது. மேலே கட்டினால் அந்தத் தூரம் போய்விடும், கட்டவே கூடாது. மாடியில் இரும்புக் குழாயோ நீளக் கழியோ தூக்கக் கூடாது என்றாள்.

"நோய் வருமாம்மா?"

"ஆராய்ச்சி பண்ணியிருக்காங்க. வரும்னு உறுதியா யாரும் நிரூபிக்கல. வரவே வராதுன்னு நான் எழுதிக் குடுக்க முடியாது."

தெரியாததைத் தெரியாது என்று சொன்ன முதல் ஆள் அவள்தான். தேவானைக்கு அவளைப் பிடித்துப்போனது.

ஐப்பசி மழையில் ஒரு மாலை, வண்டியை மூடிவிட்டுக் கொட்டிவாக்கம் போய் அந்த வாசலில் குடை பிடித்து நின்றாள். கம்பி சத்தம் போட்டது. காய்ந்த இஸ்திரிப் பெட்டியில் தண்ணீர் தெளித்தால் எழுகிற சீற்றம், அடங்காமல் நீண்டுகொண்டே போனது. ஒரு மணி நேரம் நின்றாள். முதலில் உடம்பு கூசியது. பிறகு அந்தச் சத்தத்துக்கு நடுவில் ஜஹீதா வீட்டில் குக்கர் விசில் அடிப்பதும், யாரோ யாரையோ திட்டுவதும் கேட்டன.

அன்றிரவு எட்டு மாடி ஏறிவந்து, மூச்சு அடங்கியதும் தணிகாசலத்திடம் எல்லாவற்றையும் சொன்னாள். மாடி எடுக்க முடியாது, வாடகை வராது, மழையில் சத்தம் வரும், நோய் பற்றி யாருக்கும் முழுசாகத் தெரியாது. எதையும் விடவில்லை.

"அங்க போனா நான் சாவ மாட்டனா?"

"சாவத்தான் போறே. ஆனா அதுக்கு முன்னாடி நாலு எடம் போய் வரலாம்."

"வாசல்ல நெஜமாவே படி இல்லியா?"

"இல்ல."

"ஒண்ணுகூடவா?"

"நான் தடவியே பாத்துட்டேன்."

மாடி எடுக்க முடியாத வீட்டுக்கு மாடி எடுக்கிற வீட்டின் விலை கிடையாது என்று வெள்ளைச்சாமியிடம் சொன்னாள். சேலை விஷயத்தை அவள் வாயைத் திறந்து நினைவூட்டவில்லை. அவன்தான் அவள் முகத்தைப் பார்க்காமல் போய் வீட்டுக்காரரிடம் பேசிக் குறைத்துக்கொண்டு வந்தான். தை மாதம் பத்திரம் பதிந்தார்கள்.

தணிகாசலத்தைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து நான்கு பேர் இறக்கினார்கள். ஒவ்வொரு மாடியிலும், விட்டுவிடாதே என்று கத்திக்கொண்டே வந்தார்.

புது வீட்டில் மூன்றாம் நாள் தேவானை வேலை முடிந்து வந்தபோது கதவு திறந்து கிடந்தது, உள்ளே ஆள் இல்லை. கூப்பிட்டுப் பார்த்தாள். ஜஹீதா வெளியே வந்து, பார்க்கவில்லையே என்றாள். இருவரும் பிரதான சாலை வரை ஓடினார்கள்.

டீக்கடை பெஞ்சில் தணிகாசலம் உட்கார்ந்திருந்தார். கையில் கிளாஸ், பக்கத்தில் அதற்குள் சம்பாதித்துவிட்ட இரண்டு நண்பர்கள்.

"சொல்லிட்டுப் போவ மாட்டியா?" என்று கத்தினாள்.

"நீ வூட்ல இருந்தாத்தானே சொல்றதுக்கு," என்றார் அவர். "நீ வர்றதுக்குள்ள பீச்சு வரைக்கும் போலாம்னு பாத்தேன். இவங்க வெயில் தாழட்டும்ங்கறாங்க."