அண்ணன் அறைக் காற்று

என் அண்ணன் நுரையீரல் புற்றுநோயில் செத்தான். பீடி, சிகரெட் தொட்டதே இல்லை. ஊரில் ஒருத்தனும் நம்பவில்லை. பதினாறாம் நாள் காரியத்தில் மூக்குப்பிடிக்கத் தின்றுவிட்டு ஒருவர் சொன்னார்: "ஒளிஞ்சு ஊதியிருப்பான்யா. பொண்டாட்டிக்கு எல்லாமா தெரியும்?" அண்ணி பாயச வாளியோடு அவருக்குப் பின்னால்தான் நின்றார்.

நான் தஞ்சாவூரில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் ரேடான் அளக்கும் கருவிகளைச் சரிபார்ப்பவன். ரேடான், கல்லிலும் மண்ணிலும் இருந்து கசியும் கதிரியக்க வாயு. அடைத்த அறையில் சேர்ந்தால் வருடக்கணக்கில் நுரையீரலைக் கெடுக்கும். அது அண்ணிக்குத் தெரியும்.

"அவரு படுத்த ரூம்ல அது இருக்கான்னு பாருங்க தம்பி. இருந்தா இவனுங்க வாயை அடைக்கணும்."

திருவிடைமருதூர் பக்கத்தில் அண்ணன் கட்டிய வீடு அது. கூலிக்கு நாற்று நட்ட குடும்பத்தில் முதல் கான்கிரீட் வீடு. கூடத்துக்கும் படுக்கையறைக்கும் கருப்பு கிரானைட், அவனே போய்ப் பொறுக்கியது.

அளவு தெரிந்த ரேடானைப் பெட்டியில் அடைத்து, கருவியை உள்ளே வைத்து, சரியாகச் சொல்கிறதா என்று பார்ப்போம். எடுத்த பிறகு கருவிக்குள் தங்கிய வாயுவைச் சுத்தமான காற்றால் வெளியேற்ற வேண்டும். சுத்தமாகிவிட்டதா என்று அளந்தும் பார்க்க வேண்டும். மாணவர்களிடம் இதற்காகவே கத்துவேன். அன்று அண்ணி மூன்று முறை போன் செய்துவிட்டார். பத்து நிமிடம் காற்றைச் செலுத்திவிட்டு, அளந்து பார்க்காமல் கருவியோடு பஸ் ஏறினேன்.

அறையில் எண் எகிறியது. "இருக்கு அண்ணி" என்று உளறினேன்.

சாயங்காலமே அண்ணி தெருவில் நின்று கத்தினார். "கேட்டுக்குங்க! கல்லுதான் கொன்னுருக்கு. என் வீட்டுக்காரர் ஊதல!" மறுநாள் காலையில் ஆள் விட்டு அறைத் தரையைப் பெயர்த்தார்.

அதே காலையில், ஆய்வகத்தின் சுத்தமான காற்றிலும் கருவி எண்ணிக்கொண்டே இருந்தது. உள்ளே தங்கிவிட்ட எங்கள் பெட்டியின் ரேடான். ஒழுங்காகச் சுத்தம் செய்து, அடுத்த நாள் திரும்பப் போய், கூடத்தைப் பகல் முழுக்க அடைத்து அளந்தேன். அதே கல். எல்லா வீட்டிலும் இருக்கிற அளவுதான்.

"என் தப்பு அண்ணி. கருவியைச் சரியா சுத்தம் பண்ணல. கல்லுல ஒண்ணுமில்ல."

"அப்ப அவரு எதுனால செத்தாரு?"

"தெரியல அண்ணி."

"தெரு பூரா சொல்லிட்டேனே தம்பி."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அண்ணி வாசலில் கிடந்த குவியல் பக்கத்தில் உட்கார்ந்தார். உடைந்த கல் ஒன்றை முந்தானையால் துடைத்தார். இன்னொன்றை எடுத்து அதோடு பொருந்துகிறதா என்று வைத்துப் பார்த்தார்.