பின்னறைக்குக் காற்று வந்த கதை

அவளைத் தெருவில் எல்லோரும் டேப் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கழுத்தில் மஞ்சள் அளவு நாடா தொங்காமல் அவளைப் பார்த்தவர்கள் குறைவு. தையல்காரியாக வாழ்க்கையைத் தொடங்கிய காலத்தில் ஒரு கடையில் பேன்ட்டுக்கு ஓரம் மடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அந்த வேலை அவளுக்கு ஒட்டவே இல்லை. அளவு கொடுத்துவிட்டுப் போன மனிதர்கள் திரும்பி வருவதற்குள் பெருத்துவிடுவார்கள். பழி தையல்காரி தலையில் விழும். ஒருநாள் யாரோ ஜன்னல் திரை தைக்கக் கேட்டார்கள். தைத்து மாட்டிவிட்டு, தள்ளி நின்று பார்த்தாள். அன்றோடு பேன்ட்டுக்கு முழுக்குப் போட்டுவிட்டாள்.

"ஜன்னல் பெருக்காது, இளைக்காது. அளந்தா அளந்ததுதான்" என்பாள், ஏன் திரைக்கு மாறினாய் என்று கேட்பவர்களிடம்.

அவள் தைக்கும் திரைகளுக்கு ஊரில் தனி மவுசு. ஒரே ஒரு பிடிவாதம் உண்டு. திரை தரையைத் தொட்டே ஆக வேண்டும். "பாதியில நிக்கிற திரை, கணுக்கால் தெரியிற பேன்ட் மாதிரி. பார்க்கச் சகிக்காது." வாடிக்கையாளர் கெஞ்சினாலும் கேட்க மாட்டாள். தன் வீட்டு ஜன்னல்களுக்கோ, தரையில் இரண்டு விரல் புரளும்படியே தைத்துப் போட்டிருந்தாள்.

அது அண்ணன் தம்பி இருவரும் சேர்ந்து வாங்கிய மாடி வீடு. கீழே டேப் அக்காவும் அவள் கணவரும். அவர் பஸ் டிரைவர். மாடியில் முன்னறையில் கொழுந்தனும் ஓரகத்தியும். மாடிப்படிக்கு அடியில் ஓர் அலமாரிக்குள் பெரிய மெஷின் ஒன்று இருந்தது. வெயில் காலத்தில் குளிர்ந்த காற்றையும் குளிர் காலத்தில் சூடான காற்றையும் குழாய்கள் வழியாக வீடு முழுக்க அனுப்புவது அதன் வேலை. கீழ் அறைகளில் தரையிலும் மாடியில் கூரையிலும் கம்பி மூடி போட்ட துவாரங்கள் வழியாகக் காற்று வரும். எல்லா அறைக்கும் வரும், மாடிப் பின்னறைக்கு மட்டும் வராது.

அந்தப் பின்னறை முதலில் டேப் அக்காவின் மகளுடையது. "அம்மா, இந்த ரூம்ல உட்காரவே முடியலம்மா" என்று அவள் பள்ளிக்கூடக் காலம் முழுக்கப் புலம்பினாள். "படிக்காம இருக்க ஒரு சாக்கு" என்று அவள் வாயை அடைத்துவிட்டார்கள். மகள் படித்து முடித்து, வெளியூரில் வேலை கிடைத்துப் போனதும் டேப் அக்கா தையல் மெஷினைத் தூக்கிக்கொண்டு அங்கே குடியேறினாள். வெயில் ஏற ஏறத்தான் மகள் பட்ட பாடு தெரிந்தது. மடியில் கனத்த வெல்வெட், மேலே சூடான கூரை. நெற்றி வியர்வை துணியில் விழாமலிருக்கத் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு தைத்தாள்.

கணவரிடம் சொன்னாள். அவர் பதில் சொல்லத் தொடங்கினார், தும்மினார், மறந்துவிட்டார். மனிதருக்கு வீட்டுக்குள் கால் வைத்தால் போதும், தும்மல். பஸ்ஸில் தூசி பறக்கும் சாலையெல்லாம் போய்வந்தும் வராத தும்மல், வீட்டு ஹாலில் சோபாவில் சாய்ந்தவுடன் அடுக்கடுக்காக வரும்.

அவரை நம்பிப் பயனில்லை என்று டேப் அக்கா தானே ஒரு திட்டம் போட்டாள். மற்ற அறைகளில் காற்று வருகிற துவாரங்களை மூடிவிட்டால், வேறு வழியில்லாமல் காற்று பின்னறைக்குத்தானே வந்தாக வேண்டும்? யாரும் கவனிக்காத நேரமாகப் பார்த்து அடுக்களைத் துவாரத்தை மூடினாள். பின்னறையில் காற்று அசையவில்லை. மறுநாள் ஹாலில் ஒன்றை மூடக் குனிந்தாள். அது ஏற்கெனவே மூடியிருந்தது! நிமிர்ந்து பார்த்தால், ஹாலின் மறுகோடியில் இன்னொரு துவாரத்தின் முன்னால் ஓரகத்தி மண்டியிட்டிருந்தாள், காதில் ஹெட்ஃபோனோடு. ஒரு கம்பெனிக்காக வீட்டிலிருந்தபடியே வாடிக்கையாளர்களிடம் போனில் பேசுவது அவள் வேலை.

டேப் அக்காவைக் கண்டதும் ஓரகத்தி அவசரமாகத் தரையைத் தடவத் தொடங்கினாள்.

"தோடு விழுந்துடுச்சுக்கா" என்றாள் ஓரகத்தி.

"ரெண்டும் காதுலதாண்டி இருக்கு."

ஓரகத்தி காதைத் தொட்டுப் பார்த்தாள். சிரிப்பு வந்துவிட்டது. "என் ரூமுக்கும் காத்து கம்மியா இருக்குக்கா. அதான் கீழ மூடினா மேல வருமேன்னு…"

"எத்தனை நாளா?"

"நீங்க அடுக்களையில மூடுறதுக்கு முன்னாடியே."

சண்டை வந்திருக்க வேண்டிய இடத்தில் கூட்டணி உண்டானது. இரண்டு பேருமாகச் சேர்ந்து கீழே கண்ணில் பட்ட எல்லாத் துவாரங்களையும் மூடினார்கள். மெஷின் விசிலடிக்கத் தொடங்கியது. பின்னறை அப்போதும் கொதித்தது.

விசில் சத்தம் கேட்டதும் கணவருக்கு ரோஷம் வந்துவிட்டது. இயந்திரம் என்றால் அது டிரைவரின் இலாகா அல்லவா? அலமாரியைத் திறந்து, காற்றை வடிகட்டும் ஃபில்டரை உருவினார். வீடு வாங்கிய பிறகு அதை யாரும் தொட்டதில்லை. சாம்பல் நிறப் பூனை ஒன்று சுருண்டு படுத்திருப்பதைப் போல அதன்மேல் பஞ்சு அப்பியிருந்தது. கடைக்கு ஓடினார். இருப்பதிலேயே கெட்டியான ஃபில்டரைக் கேட்டு வாங்கி வந்தார்.

"கிருமி கூட உள்ள நுழைய முடியாதாம், கடைக்காரர் சொன்னார்" என்று மார்தட்டிக்கொண்டே மாட்டினார்.

கிருமி நுழைந்ததோ இல்லையோ, காற்று நுழையவில்லை. சில நாளில் விசில் நின்றது. கூடவே வீட்டில் காற்றும் நின்றது. மாடிப்படி அலமாரிக்கு அடியிலிருந்து தண்ணீர் கசிந்து ஹாலுக்கு வந்தது. கொழுந்தன் அலமாரியைத் திறந்து பார்த்துவிட்டு, "அண்ணி, மெஷினுக்குள்ள பனி விழுந்திருக்கு!" என்று கத்தினான். நல்ல வெயில் நாளில் வீட்டுக்குள் வெள்ளை வெளேரென்று ஐஸ்! மெக்கானிக்கைக் கூப்பிட்டார்கள்.

வந்தவர் மலை மாதிரி ஆள். அவசரம் என்பதே இல்லாத மனிதர். குளிரூட்டுவதை மட்டும் நிறுத்தி, விசிறியை ஓடவிட்டு, ஐஸ் உருகட்டும் என்று படிக்கட்டில் உட்கார்ந்து காபி கேட்டார். புது ஃபில்டரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"நல்ல சரக்குதான் சார். ஆனா உங்க மெஷினுக்கு இது தாங்காது. மூக்கில தலையணையை வச்சு அமுக்கின மாதிரி. காத்து போகலன்னா குளிர்ச்சி உள்ளேயே தங்கி, ஈரம் உறைஞ்சு ஐஸாயிடும். நடுத்தரமானது போதும். ஆனா ஒழுங்கா மாத்தணும்." பிறகு பழைய ஃபில்டரைக் கையில் எடுத்தார். விரலால் பஞ்சைக் கிள்ளினார். "இது வெறும் தூசி இல்லையே, நீலமும் சிவப்புமா இருக்கு. வீட்ல யாரு துணி வெட்டுறது?"

எல்லோரும் டேப் அக்காவைத் திரும்பிப் பார்த்தார்கள். கணவர் மட்டும் பார்க்கவில்லை, தும்மிக்கொண்டிருந்தார்.

"அம்மா, கொஞ்சம் நூல் குடுங்க" என்றார் மெக்கானிக். மூடிய துவாரங்களையெல்லாம் திறக்கச் சொன்னார். "மூடினா காத்து மிச்சமாகாதும்மா. மெஷினுக்குத்தான் மூச்சு முட்டும்." அவள் கொடுத்த நூலைத் துவாரத்துக்குத் துவாரம் பிடித்து, காற்றில் ஆடுகிறதா என்று பார்த்துக்கொண்டே போனார். ஹால் ஜன்னலுக்குப் பக்கத்தில் நின்று சுற்றுமுற்றும் தேடினார்.

"இங்க ஒண்ணு இருக்கணுமே?"

அவர் கண் மெல்லத் திரையின்மேல் போனது. மயில் கழுத்து நிறத்தில் தரையில் புரண்டுகொண்டிருந்த அந்தத் திரை, கர்ப்பிணி வயிறு மாதிரி லேசாக உப்பியிருந்தது. ஓரத்தைத் தூக்கினார். அடியில் துவாரம். காற்று முழுவதும் திரைக்கும் கண்ணாடிக்கும் நடுவே ஏறிக்கொண்டிருந்தது.

"அழகான திரை. ஆனா இத்தனை நாளா ஜன்னல் கண்ணாடிக்குத்தான் ஏசி போட்டிருக்கீங்க."

டேப் அக்காவின் காது மடல் சூடாகிவிட்டது. கீழே எந்த ஜன்னலைப் பார்த்தாலும் அதே கதைதான். கணவர் வாயைத் திறக்கப் போனார். "நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம்" என்று முந்திக்கொண்டாள்.

நல்ல வேளை, அடுத்த குற்றவாளி அவராக இருந்தார். ஹால் சுவரில் இருந்த பெரிய கம்பி மூடிதான் வீட்டுக் காற்றை மெஷினுக்குத் திரும்ப இழுக்கும் இடம்; அதை மறைத்து அவருடைய சோபா நின்றது. "மூச்சை இழுத்தாத்தானே விட முடியும்?" என்று சொல்லிக்கொண்டே மெக்கானிக் சோபாவை ஒரு தள்ளு தள்ளினார். கொழுந்தன் ஒரு காகிதத்தைக் கம்பிக்கு எதிரே நீட்டினான். அது பட்டென்று ஒட்டிக்கொண்டது.

ஐஸ் உருகிக் குளிரூட்டல் மறுபடி ஓடத் தொடங்கியதும் மாடிக்குப் போனார்கள். முன்னறையில் நூல் நன்றாக ஆடியது. பின்னறையில் நூல் செங்குத்தாகத் தொங்கியது. மெக்கானிக் முகம் மாறியது.

"இது வேற கோளாறு. மேல குழாய் கழண்டிருக்கும். கூரைக்குள்ள ஏறிப் பார்க்கணும்."

கூரைக்குள், பரண் மாதிரி இருந்த இடத்துக்கு ஏற, ஒரு சதுரக் கதவு இருந்தது. மெக்கானிக் ஏணி போட்டு ஏறினார். தலை போனது, ஒரு தோள் போனது, அதோடு சரி. இறங்கிவிட்டார். கணவரைப் பார்த்தார்கள். "அங்க தூசிப்பா" என்று அவர் மூக்கைப் பிடித்தார். கொழுந்தனுக்கு ஏணியைக் கண்டாலே கால் உதறும். ஓரகத்தியோ ஹெட்ஃபோனில் யாரையோ சமாதானப்படுத்திக்கொண்டிருந்தாள்.

"நகருங்க" என்றாள் டேப் அக்கா. மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு, டார்ச்சோடு விறுவிறுவென்று ஏறி மறைந்துவிட்டாள்.

"மரச் சட்டத்து மேல மட்டும் கால் வைங்கம்மா! நடுவுல வச்சா கீழ எங்க மேலதான் வருவீங்க!"

"தெரியுதுண்ணே!" மரச் சட்டங்கள் கிறீச்சிட்டன. பிறகு அவள் குரல் கேட்டது. "ஐயோ, இங்க குளுகுளுன்னு இருக்கு!"

"எங்க?"

"இங்கதான், மூலையில! கம்பளி சுத்தின பெரிய குழாய் ஒண்ணு யானைத் தும்பிக்கை மாதிரி கழண்டு கிடக்கு. எனக்கு வர வேண்டிய காத்தெல்லாம் நம்ம பழைய சூட்கேஸ் மேல வீசிட்டு இருக்கு!"

மெக்கானிக் வெள்ளி நிற ஒட்டுநாடாவையும் ஒரு பட்டையையும் மேலே நீட்டினார். குழாய் வாயைப் பின்னறைத் துவாரத்துக்கு மேலே நீட்டியிருந்த தகரக் கழுத்தில் நுழைக்க வேண்டும், பட்டையை இறுக்க வேண்டும், அதன்மேல் ஒட்டுநாடாவைச் சுற்ற வேண்டும். கீழிருந்து அவர் சொல்லச் சொல்ல அவள் செய்தாள். குழாய் ஒரு பக்கம் நுழைந்தால் மறு பக்கம் நழுவியது. "நில்லு, நில்லு, அசையாத" என்று அவள் குழாயை அதட்டுவது கீழே எல்லோருக்கும் கேட்டது. கொழுந்தன் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு சொல்லி முடியாது.

பின்னறையில் துவாரத்துக்கு நேரே நாற்காலி போட்டு ஏறி, ஓரகத்தி நூலைப் பிடித்தபடி நின்றிருந்தாள். போனில் வேலை முடித்துவிட்டு வந்திருந்தாள். திடீரென்று, "ஆடுதுக்கா! ஆடுது! பறக்குதுக்கா!" என்று கூச்சலிட்டாள். ஹெட்ஃபோனை அணைக்க மறந்திருந்தாள் போலும், மறுமுனையில் யாரோ, "என்ன பறக்குது மேடம்?" என்று பதறினார்கள்.

டேப் அக்கா இறங்கி வந்தபோது புருவம் வரை ஒட்டடை. நேரே பின்னறைக்குப் போய்த் துவாரத்துக்கு அடியில் முகத்தை நிமிர்த்தி நின்றாள். குளிர்ந்த காற்று ஒட்டடையை அசைத்தது. பிறகு மகளுக்குப் போன் செய்தாள்.

"நீ சொன்னது நிஜந்தாண்டி. அந்த ரூமுக்குக் காத்தே வந்ததில்ல."

"இப்பதான் தெரிஞ்சுதா? நான் பரீட்சையில கோட்டை விட்ட கணக்குக்கெல்லாம் அந்த ரூம்தான் காரணம்."

"அது வேற" என்றாள் அம்மா. இருவரும் சிரித்தார்கள். போனை வைக்கும் முன், "ரொம்பக் கஷ்டப்பட்டிருக்க கண்ணு" என்று மெல்லிய குரலில் சொன்னாள்.

திரைகளை வெட்டுவதுதான் அவளுக்குப் பெரும்பாடாக இருந்தது. மயில் கழுத்துத் திரையைக் கழற்றி மேசைமேல் போட்டுவிட்டு, கத்திரியைக் கையில் எடுப்பதும் வைப்பதுமாக ஒரு காலைப் பொழுதைப் போக்கினாள். கடைசியில் கண்ணை மூடிக்கொள்ளாத குறையாக வெட்டினாள். மாட்டியபின் தள்ளி நின்று பார்த்தாள். கணுக்கால் தெரியத்தான் செய்தது. ஆனால் அடியிலிருந்து வந்த காற்றில் திரை அழகாக அலையடித்தது. அதைப் பார்த்ததும் அவள் மனம் பாதி ஆறியது.

அதன்பின் வாடிக்கையாளர் வீட்டில் ஜன்னலை அளக்கும் முன்பே தரையில் மண்டியிட்டுத் துவாரம் எங்கே என்று தேடத் தொடங்கினாள். இருந்தால் அங்கே திரையைச் சுருக்குவாள். எத்தனை ஆசைப்பட்டுக் கேட்டாலும் நீட்டித் தர மாட்டாள். பிடிவாதம் அதே பிடிவாதம், திசைதான் மாறியிருந்தது.

துணி வெட்டி முடித்ததும் வாக்வம் கிளீனரால் பஞ்சை உறிஞ்சி எடுப்பது அவள் வேலையானது. ஃபில்டரை மாற்றுவது கணவர் இலாகா. காற்று போகும் திசைக்கு அம்புக்குறி இருக்கிறதா, ஓரத்தில் இடைவெளி இல்லாமல் பொருந்தியிருக்கிறதா என்று, பஸ் டயரைத் தட்டிப் பார்ப்பதுபோல அதையும் தட்டிப் பார்ப்பார். தும்மல் அடியோடு போய்விடவில்லை. ஆனால் ஒரு வாக்கியத்தைத் தொடங்கி அதை முடிக்கிற அளவுக்கு இடம் கொடுத்தது. அவர் இவ்வளவு பேசக்கூடியவர் என்பது வீட்டாருக்கு அப்போதுதான் தெரிந்தது.

குளிர் காலம் வந்தது. முதல் கடுங்குளிர் நாளன்று சந்தையிலிருந்து திரும்பிய டேப் அக்கா பின்னறைக் கதவைத் திறந்தாள். உள்ளே வெதுவெதுவென்று சூடு. அவளுடைய நாற்காலியில் ஓரகத்தி ஹெட்ஃபோனோடு யாருக்கோ நயமாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். வெட்டுமேசையின்மேல் காலைத் தொங்கப் போட்டபடி கொழுந்தன் கடலை கொறித்துக்கொண்டிருந்தான். மூலையில், வெல்வெட் சுருளைத் தலைக்கு வைத்துக் கணவர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

"வீட்ல வேற ரூமே இல்லையா உங்களுக்கு?"

"இதுதான் அண்ணி இருக்கிறதிலேயே நல்ல ரூம்" என்றான் கொழுந்தன், கடலைத் தோலை ஊதிவிட்டு.

"தோலை ஊதாதே! எல்லாம் ஃபில்டருக்குத்தான் போகும்!" என்று அவன் கையில் இருந்த பொட்டலத்தைப் பிடுங்கினாள். அதிலிருந்து ஒரு கை அள்ளி வாயில் போட்டுக்கொண்டு, கணவரை எழுப்பாமல் அவர் தலைக்கு அடியிலிருந்து வெல்வெட்டை உருவ முடியுமா என்று குனிந்து பார்த்தாள்.