பூட் ஆகாத ஆபீஸ் கம்ப்யூட்டர்

எங்கள் ஷிப்பிங் ஆபீஸ் கம்ப்யூட்டரின் டிஸ்க் செத்துப்போனது. புதிது வாங்க முதலாளிக்கு மனமில்லை. லினக்ஸ் பூட் ஆகும் பகுதியை மட்டும் பென்டிரைவிலும், மற்றதையெல்லாம் வெளியே கேபிளில் தொங்கும் ஹார்ட் டிஸ்கிலும் போட்டு ஓட்டிக்கொண்டிருந்தேன்.

இன்று காலை ஆன் செய்தால், லினக்ஸ் இருக்கும் ரூட் டிஸ்க் கிடைக்கவில்லை என்று நின்றுவிட்டது. துறைமுகத்துக்கு அனுப்ப வேண்டிய கன்டெய்னர் பேப்பர் எல்லாம் அதில்தான்.

“ஏலே, உன் லினக்ஸ் லட்சணத்தப் பாத்தியா?” என்றார் முதலாளி.

கேபிளை மாற்றினேன். போர்ட்டை மாற்றினேன். கடைசியில் டிஸ்கை என் லேப்டாப்பில் செருகிப் பார்த்தால், உள்ளே ஒரே ஒரு கல்யாண வீடியோ.

பக்கத்தில் நின்ற முதலாளியின் மருமகன் சிரித்தார். “ஃபைல் சிஸ்டம் சரியில்லன்னு நம்ம டிவி இந்த டிஸ்க எடுக்கல. அதான் நேத்து ஃபார்மட் பண்ணிட்டேன்.”

“அதுக்கென்ன மாப்ள” என்ற முதலாளி என் பக்கம் திரும்பினார். “அத எதுக்குலே வெளிய தொங்கவிட்ட?”

மதியச் சாப்பாடு இல்லாமல் அத்தனை பேப்பரையும் மறுபடி டைப் செய்தேன்.

லினக்ஸ் தெரிந்தவர்களே, முதலாளியின் மருமகனைத் தாங்கும் ஃபைல் சிஸ்டம் ஏதாவது உண்டா?