பின்னறை வரை வந்த சிக்னல்

கல்யாணமாகி ஒரு மாதத்தில் ஜூடு சிங்கப்பூர் திரும்பிவிட்டான். மனைவி ரெஜினா விருத்தாசலத்தில், செராமிக் பட்டறைகளுக்குப் பின்தெருவில், மாமியார் விமலாராணியோடு இருந்தாள். வீடு ரயில் பெட்டி மாதிரி நீளம். முன்னால் கூடம், கடைசியில் அவள் அறை.

ஞாயிற்றுக்கிழமைகளில் லேப்டாப்பில் முகம் பார்த்துப் பேசுவார்கள். வைஃபை பெட்டி கூடத்தில் இருந்தது. அங்கே உட்கார்ந்தால் மாமியாரும் பக்கத்தில் வந்து உட்காருவார். “நல்லா இருக்கேங்க” என்பதற்கு மேல் ரெஜினாவுக்குப் பேச்சு வராது. கரு கலைந்ததைக்கூட விமலாராணிதான் அவனிடம் சொன்னார். “ஒடம்ப பாத்துக்கத் தெரியல இவளுக்கு” என்றும் சேர்த்துச் சொன்னார். மெயில் எழுதினால், ‘பேசும்போது சொல்லு’ என்று பதில் வரும்.

இரண்டு முறை லேப்டாப்பைத் தன் அறைக்கு எடுத்துப் போய்ப் பார்த்தாள். நடுவில் தடித்த சுவர்கள். அவள் வாயைத் திறந்ததும் ஜூடுவின் முகம் உறைந்து நின்றது.

2009இல் அடுத்த தலைமுறை வைஃபை பற்றிப் பேப்பரில் படித்தாள். பல ஆன்டெனாக்கள் சேர்ந்து வேலை செய்யும், சுவர் தாண்டியும் எட்டும் என்று போட்டிருந்தது. பி.சி.ஏ. படித்தவள், தன் லேப்டாப் அதை ஏற்குமா என்றும் பார்த்துக்கொண்டாள். ஜூடுவிடம் அவள் வாய்விட்டுக் கேட்ட ஒரே பொருள் அந்தப் புது வைஃபை பெட்டிதான். அவனோடு வேலை செய்யும் பாண்டியன் தன் ஊரான கருவேப்பிலங்குறிச்சிக்கு லீவில் வந்தபோது கொண்டுவந்து கொடுத்தான்.

அவளே மாட்டினாள். கடைசி அறையிலும் சிக்னல் கோடுகள் முழுசாக இருந்தன. அந்த ஞாயிறு கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தாள்.

“தெளிவா கேக்குதாங்க?”

“சூப்பரா கேக்குது. பக்கத்துல ஒக்காந்து பேசுற மாதிரி இருக்குது.”

ரெஜினா சொல்லத் தொடங்கினாள். காலையில் வலி வந்தவளைச் சாயங்காலம்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனதை, அதன் பிறகு வீட்டில் யாரும் முகம் கொடுத்துப் பேசாததை, எல்லாம் சொன்னாள்.

“என்னால இங்க முடியலைங்க. என்னையும் கூட்டிக்கிட்டுப் போயிடுங்க. ஒத்த ரூமா இருந்தாலும் பரவால்ல.”

ஜூடு காதில் மாட்டியிருந்ததைத் தொட்டுப் பார்த்தான். “ரெஜி? ஒண்ணுமே கேக்கலியே. கட் ஆவுது பாரு.”

படம் ஆடவே இல்லை. அவன் கண் இமைப்பது தெரிந்தது. பின்னால் ஃபேன் சுற்றுவதும், யாரோ சட்டையை உதறி மாட்டுவதும் தெரிந்தது.

“உங்களுக்குக் கேக்குதுங்க” என்றாள்.

அவன் பார்வையைத் தாழ்த்திக்கொண்டான். திரை அணைந்தது.

அவளுக்கு அழுகை வரவில்லை. இத்தனை நாளும் சுவர் மேல் பழி போட்டோமே என்றுதான் தோன்றியது. கம்மாபுரம் பக்கத்திலிருந்த அவள் பிறந்த வீடு நிலக்கரிச் சுரங்கத்துக்கு நிலம் எடுத்ததில் போய்விட்டது. அம்மா இப்போது அண்ணன் வீட்டில் ஒண்டிக்கொண்டிருந்தார். அங்கே போவதையும் நினைத்துப் பார்த்துவிட்டு விட்டுவிட்டாள்.

அதன்பின் ஜூடு, சர்ச்சில் பூசை முடிந்து சொந்தக்காரர்கள் கூடத்தில் நிறைந்திருக்கும் நேரமாகப் பார்த்துக் கூப்பிட்டான். ரெஜினா பீங்கான் ஃபியூஸ் கட்டை செய்யும் பட்டறைக்கு வேலைக்குப் போகத் தொடங்கினாள்.

கிறிஸ்துமஸுக்கு அவன் வரவில்லை. ஒருநாள் அவள் அரிசி களைந்துகொண்டிருந்தபோது விமலாராணி சொன்னார்: “இன்னும் ரெண்டு வருஷத்துக்கு கான்ட்ராக்ட் போட்டுட்டானாம். ஒங்கிட்ட சொல்லலியா?”

“இல்லைங்க அத்தை” என்று சொல்லிவிட்டு அவள் உலையை ஏற்றினாள்.