காவல் கோபுரம் போன இடம்

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். ரங்கூனில் குண்டு விழுந்து, நாங்கள் மதுரைக்கு ஓடிவந்து ஒரு வருஷம்கூட ஆகியிருக்காது. ஐப்பசி மாதம் ஒரு நாள் நானும் என் மனைவியும் அழகர்மலைக்குப் போயிருந்தோம். அங்கே நடந்ததைச் சொன்னால் "ப்பூ, இவ்வளவுதானா?" என்பீர்கள். சொல்லிவிட்டுப் போங்கள். என் ஆயுசில் அப்படி இன்னொரு நாள் வரவில்லை.

ரங்கூனில் எனக்கு அரிசி ஆலையில் மேஸ்திரி வேலை. சின்னதாக ஒரு மர வீடு சொந்தமாகக் கட்டியிருந்தோம். கட்டினது நான் என்று பேர்தான். ஜன்னல் எந்தப் பக்கம், அடுப்பு எந்த மூலை என்று ஒவ்வொன்றையும் அவள்தான் முடிவு செய்தாள். உடுத்திய துணியோடு அதை விட்டுக் கிளம்பினோம். கப்பலில் இடம் கிடைக்காமல், ஊர் ஊராகவும் காடு காடாகவும் நடந்தோம். வழியில் எந்த இடத்தில் என்று சொல்லத் தெரியவில்லை, அவளுக்குப் பேச்சு நின்றுபோயிற்று.

விளாங்குடியில் என் அக்காள் வீட்டில் ஒண்டியிருந்தோம். என் மனைவி மாவரைப்பாள், தண்ணீர் எடுப்பாள், எனக்குச் சோறு போடுவாள். வாயை மட்டும் திறக்க மாட்டாள். வைத்தியர் பார்த்தார். மந்திரித்துப் பார்த்தோம். பள்ளிவாசலில் ஓதிய தண்ணீரும் வாங்கிக் கொடுத்தோம். முன்பு அவள் எப்பேர்ப்பட்ட வாயாடி தெரியுமா! "கொஞ்சம் சும்மா இரு தாயே" என்று நானே கையெடுத்துக் கும்பிட்டிருக்கிறேன். இப்போது அந்த வாயிலிருந்து ஒரு சொல் வராதா என்று தவியாய்த் தவித்தேன்.

"நூபுர கங்கையில தலைக்கு ஊத்திக் கூட்டிட்டு வாடா தம்பி. அழகர் கைவிட மாட்டாரு" என்றாள் அக்காள். அவள் வீட்டுக்காரர், என் மச்சான், இன்னொன்றும் சொன்னார். அந்த மலைத் தீர்த்தத்துக்கு அப்பால் காட்டுக்குள் பழைய காவல் கோபுரம் ஒன்று உண்டாம். சின்ன வயதில் அதில் ஏறியிருக்கிறாராம். அங்கே நின்றால் மீனாட்சி கோயில் கோபுரங்கள் எல்லாம் தெரியுமாம். எனக்கு அது மனத்தில் ஒட்டிக்கொண்டது. அவ்வளவு உயரத்திலிருந்து ஊரைப் பார்த்தால் "அதோ பாருங்க" என்றாவது சொல்ல மாட்டாளா?

பெட்ரோல் கிடைக்காத நாளானதால் கரியைப் போட்டு ஓட்டும் பஸ்தான். ஏற்றம் வந்தால் இறங்கித் தள்ள வேண்டும். ஒருவழியாகப் போய்ச் சேர்ந்து, மலையேறி, தீர்த்தமாடினோம். ஈரத்தலையோடு அவள் சும்மா நின்றாள். சுள்ளி பொறுக்கும் ஒரு பெண்ணிடம் காவல் கோபுரத்துக்கு வழி கேட்டேன். என்னவோ சிரித்துக்கொண்டு, "வாங்கண்ணே, நானும் அங்கிட்டுத்தான் போறேன்" என்றாள்.

மரங்கள் நெருங்கிய இடத்தில் என் மனைவி சட்டென்று நின்றுவிட்டாள். அடப் பாவி, நடந்து நடந்து நொந்தவளை மறுபடியும் ஒரு காட்டுக்குள் கூட்டிவந்திருக்கிறாயே என்று என்னையே திட்டிக்கொண்டேன். திரும்பிவிடலாம் என்று பார்த்தால், அவளே என் சட்டையைப் பிடித்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தாள். மேகம் இறங்கியிருந்தது. இலையிலிருந்து சொட்டும் தண்ணீர்ச் சத்தத்தைத் தவிர வேறு சத்தமில்லை.

"இதுதாண்ணே" என்றாள் அந்தப் பெண். பார்த்தால் முழங்கால் உயரத்துக்கு வட்டமாய் ஒரு அடித்தளம், அதற்குள்ளே புல். எனக்கு ஆத்திரமாய் வந்தது. "கோபுரம் எங்கம்மா?" என்றேன்.

"இந்தா, கண்ணு முன்னாடிதானே இருக்கு! வாரவுக போறவுகல்லாம் ஆளுக்கு நாலு கல்லை உருவி வீடு கட்டிப்புட்டாக. அம்புட்டுக் கோபுரமும் இம்புட்டு வீடாப் போச்சு" என்று சிரித்துவிட்டு, சுள்ளி தேடி அப்பால் போய்விட்டாள்.

அப்போதுதான் பார்த்தேன். மலைக்கு வருகிறவர்கள், சொந்த வீடு அமைய வேண்டுமென்று கல்லின்மேல் கல் வைத்துச் சின்ன வீடு கட்டுவது நம் பக்கத்து வழக்கம். மரத்தடியில், வேர் இடுக்கில், பாறைமேல், கண்ணுக்கு எட்டியவரை அந்த வீடுகள்தான். அவற்றுக்கு நடுவே மேகம் மெதுவாக ஊர்ந்து போயிற்று. முன்பின் தெரியாத ஓர் ஊருக்குள் வந்துவிட்டாற்போல இருந்தது. எல்லோரும் உள்ளே உறங்குகிறார்கள், சத்தம் போடக்கூடாது என்றுகூடத் தோன்றியது. எவ்வளவு நேரம் அப்படி நின்றோமோ!

மதுரையும் தெரியவில்லை, ஒன்றும் தெரியவில்லை. வந்ததற்கு நாமும் ஒரு வீடு கட்டிவிட்டுப் போவோம் என்று உட்கார்ந்தேன். அவள் ஒரு வேரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். சுவர் நின்றது. கூரைதான் சரிந்து சரிந்து விழுந்தது. பக்கத்தில் சப்பட்டையாய் நல்ல கல் ஒன்று கண்ணில் பட, கையை நீட்டி எடுத்தேன்.

"ஐயையோ, எடுக்காதீக! அது யாரு வீடோ!"

சுள்ளிக்காரிதான் வந்துவிட்டாள் என்று திரும்பினேன். அங்கே யாருமில்லை. என் மனைவி எழுந்து நின்றுகொண்டிருந்தாள். எடுத்த இடத்திலேயே கல்லை வைக்கப் போனேன். "அப்படி இல்ல, கொஞ்சம் இங்கிட்டுத் தள்ளி" என்று அவளே வந்து வாங்கிச் சரியாக வைத்தாள். வைத்துவிட்டு என் தோளில் சாய்ந்து ஓவென்று அழுதாள். நானும்தான் அழுதேன்.

அழுது ஓய்ந்ததும் கேட்டாள்: "நம்ம வீட்டைப் பூட்டிட்டுத்தானே வந்தீக?"

மறுபடியும் வாயை மூடிக்கொண்டால் என்ன செய்வேன்? ஆனாலும் பொய் சொல்ல மனம் வரவில்லை. "இல்லத்தா. பூட்ட நேரமில்ல. சும்மா சாத்திட்டு வந்துட்டேன்."

கூரையில்லாமல் நின்ற அந்தக் கல் வீட்டைப் பார்த்தாள். "நல்லதாப் போச்சு. யாராச்சும் உள்ள வந்து இருந்திருப்பாக. பானையில அரிசி இருந்துச்சு, பருப்பு இருந்துச்சு. பொங்கித் தின்னிருப்பாக" என்றாள். கீழே இறங்கும்வரை ஓயாமல் பேசினாள். நான் ஒரு வார்த்தை குறுக்கிடவில்லை.

அதற்குப் பிறகு எங்களுக்குச் சொந்த வீடு அமையவே இல்லை, வாடகை வீடுகளிலேயே காலம் போய்விட்டது. ஆனாலும் கடலுக்கு அந்தப் பக்கம் எங்கள் அடுப்பில் யாரோ உலை வைத்துச் சாப்பிடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டால், வீட்டை இழந்தேன் என்று சொல்ல இன்றைக்கும் எனக்கு வாய் வருவதில்லை.