அப்பா சொன்னதும் அவள் சொன்னதும்

ஒன்பது வயதில் இந்த ஊருக்கு வந்தவள் ஆறே மாதத்தில் இந்த ஊர் மொழியைப் பிடித்துக்கொண்டாள். அப்பாவும் அம்மாவும் அதில் வாயைத் திறக்கவே கூசினார்கள். அதனால் வீட்டுக்கு வாய் அவள்தான். ஒழுகும் குழாய்க்காக வீட்டுக்காரரிடம் மல்லுக்கு நின்றதும், அம்மா கூட்டித் துடைக்கும் அலுவலகத்தில் அம்மாவுக்காக லீவு கேட்டதும் அவள்தான். ஒருமுறை பள்ளி ஆசிரியை அப்பாவை அழைத்து, இவள் வகுப்பில் ஓயாமல் பேசுவதாகப் புகார் சொன்னார். "நான் ரொம்ப நல்லா பேசுறேனாம்ப்பா" என்று அதையும் அவளே மொழிபெயர்த்தாள்.

இருபத்து நான்காவது வயதில் ரயில் ஓட்டும் பயிற்சிக்கு அவளைத் தேர்ந்தெடுத்தார்கள். வேறொரு நகரம், ஒன்றரை வருடம். "போயிட்டு வா" என்றார் அப்பா, அரை மனசாக.

கிளம்ப ஒரு வாரம் இருந்தபோது, அப்பா வேலை செய்யும் சலவை ஆலையில் விரிப்பு தேய்க்கும் சூடான உருளை அவருடைய வலது கையை இழுத்துக்கொண்டது. விரல்கள் தப்பின. உள்ளங்கை வெந்துபோனது.

போகாதே என்று அம்மா சொல்லவில்லை. கட்டி வைத்திருந்த பையைத் தூக்கி அலமாரி மேல் போட்டாள். "அப்பா கால்ல தட்டும்ல" என்றாள். மகள் அதை இறக்கி வைத்தாள். மறுநாள் காலை பை மறுபடி மேலே இருந்தது.

வெள்ளிக்கிழமை மூவரும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். டாக்டரம்மா கட்டைப் பிரித்துப் பார்த்தார். ஆறி வருகிறது, ஆனால் தினமும் கட்டு மாற்ற வேண்டும், வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். அவள் அதைத் தமிழில் சொன்னாள்.

அப்பா அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கையையே பார்த்துக்கொண்டு, "என் பொண்ணு இருக்கா. அவ எங்கயும் போகலன்னு சொல்லு" என்றார்.

எத்தனையோ பேருடைய கோபத்தையும் கெஞ்சலையும் இங்கிருந்து அங்கே கடத்தியவள் அவள். இந்த ஒரு வாக்கியம் நகர மறுத்தது.

"சொல்லேன்டி, காத்துக்கிட்டு இருக்காங்கல்ல" என்றாள் அம்மா, சுவரோர நாற்காலியிலிருந்து.

அவள் டாக்டரம்மாவிடம் திரும்பினாள். "மகள் இருக்கிறாள், அவள் எங்கும் போகவில்லை என்று அப்பா சொல்கிறார். அந்த மகள் நான்தான். ஞாயிற்றுக்கிழமை நான் போகிறேன். கட்டு மாற்ற வேறு ஏற்பாடு வேண்டும்."

டாக்டரம்மா மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். நர்ஸ் ஒருவரை வீட்டுக்கு அனுப்புவதாகவும், தமிழ் தெரிந்த ஆள் போனில் உதவுவார் என்றும் சொன்னார்.

வெளியே வந்ததும் அப்பா நின்றார். "நான் சொன்னது ரெண்டு வார்த்தை. நீ அவ்வளவு நேரம் பேசினே?"

"நீங்க சொன்னதையும் சொன்னேன். நான் சொல்ல வேண்டியதையும் சொன்னேன்."

"ஞாயித்துக்கிழமைன்னே. இந்த ஊர் பாஷையில எனக்குக் கிழமை கூடவா தெரியாது?"

"அப்பன் கை வெந்து கிடக்கு. இவளுக்கு ரயில் கேக்குது!" என்றாள் அம்மா.

"இப்ப போகலன்னா என் இடத்துக்கு வேற ஆளை எடுத்துடுவாங்கம்மா."

"எடுக்கட்டுமே."

"அப்புறம் உங்க ரெண்டு பேரையும் பாக்கும்போதெல்லாம் அதுதான் ஞாபகத்துக்கு வரும். அது வேணாம்மா."

பஸ்ஸில் அம்மா வேறு வரிசையில் போய் உட்கார்ந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அம்மா சமையலறையை விட்டு வரவில்லை. குழாய்த் தண்ணீர் கொட்டும் சத்தம் மட்டும் கேட்டது. அப்பா இடது கையால் பையைத் தெருவாசல் வரை தூக்கி வந்தார். "வண்டிய மெதுவா ஓட்டு" என்றார்.

புது நகரத்தின் விடுதி அறையில் முதல் மாதம் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. போன் அடித்தால் முதல் மணியிலேயே எடுத்துவிடுவாள். அப்பா மட்டும் பேசுவார். போனில் வந்த ஆளின் தமிழ் தனக்குப் புரியவில்லை என்று அவரை நிறுத்திவிட்டு, நர்ஸிடம் தானே அரைகுறையாகப் பேச ஆரம்பித்திருந்தார்.

கை ஆறி வேலைக்குத் திரும்பியவரை மேலாளர் மறுபடி அதே உருளைக்குப் போகச் சொன்னார். அப்பா இந்த ஊர் மொழியில் "முடியாது" என்றாராம். மூன்று தடவை. கடைசியில் துணி மடிக்கும் மேசைக்கு மாற்றினார்கள்.

"வேற என்னப்பா சொன்னீங்க?"

"வேற எனக்கு என்ன தெரியும்? அதையேதான் சொன்னேன்."

போனை யாரோ பிடுங்கும் சத்தம் கேட்டது. "உங்கப்பாவுக்கு இப்ப தலைகால் புரியல. யாரைப் பாத்தாலும் முடியாதுங்கிறாரு. எல்லாம் உன்னால வந்த வினை" என்றாள் அம்மா.

இரண்டு மாதத்துக்குப் பிறகு அம்மா அவளிடம் பேசிய முதல் வார்த்தைகள் அவை. அம்மா திட்டி முடிக்கும் வரை அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள்.