சலங்கைப் பட்டை ரேணுகா

ரேணுகா அரிசி களைந்துகொண்டிருக்கிறார். குனியும்போதெல்லாம் அவர் கழுத்தில் சலங்கை குலுங்குகிறது. அடுப்படிக்கும் குழாயடிக்குமாக அவர் நடக்கிற நடையைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டால், வாசலில் காளை வந்து நிற்கிறது என்றே தோன்றும்.

அது பாதி சரி. பட்டை காளையினுடையதுதான். மஞ்சுவிரட்டுக் காளைக்குக் கட்டுவது. மூன்று மடிப்புத் தோலைச் சேர்த்துத் தைத்து, வரிசையாக வெண்கலச் சலங்கை கோத்தது. மாட்டுக் கழுத்துக்கு அளவெடுத்த பட்டை மனுஷிக்கு மாலையாகத் தொங்கும். பிடரியில் மட்டும் அழுந்தி உட்காரும். அவருக்கு வேண்டியதும் பிடரிதான். உட்புறத்தில் ஒரு நூல்முடிச்சு துருத்தினாலும், ஓரம் சரியாக மழுங்காமல் இருந்தாலும், உலை கொதிப்பதற்குள் பிடரி சொல்லிவிடும். "மாடு வந்து நம்மகிட்டச் சொல்லுமா? நம்ம கழுத்துதான் சொல்லணும்" என்பார். சொல்லிவிட்டால் உடனே பிளேடை எடுத்து அந்தத் தையலைப் பிரித்துவிடுவார்.

தேறிய பட்டைக்கு அவர் வைத்திருக்கும் அடையாளம் ஒன்றுதான்: கழுத்தில் இருப்பதே மறந்துபோக வேண்டும். ஒரு தடவை மறந்தபடியே ரேஷன் கடைக்குப் போய் வரிசையில் நின்றுவிட்டார். "ஏக்கா, உங்களையும் அவுத்து விட்டுட்டாகளா?" என்று பின்னால் நின்ற பெண் கேட்ட பிறகுதான் கை கழுத்துக்குப் போனது. அன்றைக்குச் சந்தோஷத்தில் சீனி வாங்க மறந்து வீடு திரும்பினார்.

சாக்கோட்டையில் அவருக்கு ஆட்டோ சீட் தைக்கிற கடை. கணவர் வேல்பாண்டி லோடு ஆட்டோ ஓட்டுகிறார். ரெக்சின் தைக்கிற இடத்துக்கு யாரோ அறுந்த மாட்டுப்பட்டை ஒன்றைக் கொண்டுவந்து போட, அதைப் பிரித்தும் சேர்த்தும் பார்த்தே தோல்வேலையைக் கற்றுக்கொண்டார். குத்தூசியால் துளைபோட்டு, இரண்டு ஊசிகளை எதிரெதிராக விட்டு இழுக்கிற கைத்தையல். "ரெக்சின் எனக்குச் சோறு. தோலு, அந்தச் சோத்துல ஊத்துற நெய்யி" என்று சிரிப்பார்.

போன தை மாதம் வலது கட்டைவிரல் வீங்கி, காபி டம்ளரைக்கூடப் பிடிக்க முடியாமல் போனது. இனிக் கைத்தையலைத் தொடக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஒன்று தோலுக்கு மெஷின் வேண்டும், இல்லையென்றால் தோலையே விட வேண்டும். மெஷின் வந்தாலும் கோட்டைச்சாமி ஒத்துக்கொள்ள வேண்டும். பள்ளத்தூர்ப் பக்கத்துக் காளைக்காரர். சலங்கைச் சத்தத்தில் எழுந்து சலங்கைச் சத்தத்தில் தூங்குகிறவர். அவருடைய காளை செம்மலையின் கழுத்தில் எது ஏறுகிறதோ, அதுதான் சுற்றுவட்டாரத்து மாடுகளின் கழுத்திலும் ஏறும். அவரோ, "மெஷின் தையலு என் மாட்டு மேல படக் கூடாது" என்று சொல்லிவைத்திருந்தார். எங்கோ வாங்கிய பட்டையில், அடித்தையல் கேப்பையைத் தூவிய மாதிரி முடிச்சு முடிச்சாக இருந்து, செம்மலையின் கழுத்துத் தோல் உரிந்துவிட்டதாம்.

மெஷின் கிடைத்தது காரைக்குடியில், பழைய வீட்டுச் சாமான்கள் விற்கிற தெருவில். எனாமல் தூக்குச்சட்டிகளுக்கும் ரசம் போன நிலைக்கண்ணாடிக்கும் நடுவில், வார்னிஷ் பூசிக்கொண்டு கல்யாணப் பெண்போல உட்கார்ந்திருந்தது. கூடாரம் தைக்கிற கம்பெனி ஒன்றை மூடியபோது மற்ற சாமான்களோடு வந்ததாம்.

"எந்த ஹோட்டலுக்கும்மா?" என்று கேட்டார் கடைக்காரர் தண்டாயுதபாணி. அவரிடம் பழைய தையல் மெஷின் வாங்குகிறவர்கள் அதன் தலையில் விளக்கு மாட்டி வரவேற்பறையில் வைக்கிறவர்கள்.

"தைக்கிறதுக்குங்க."

"இதுலயா? இது அழகுக்கும்மா. எப்பிடி மின்னுது பாருங்க."

"மின்னட்டும். எண்ணெ விடுற ஓட்டையெல்லாம் வார்னீசால அடச்சு வச்சிருக்கீகளே, அது எப்பிடி மூச்சு விடும்?" ரேணுகா கொண்டையிலிருந்து ஊசியை உருவி ஓர் ஓட்டையைக் குத்தித் திறந்தார்.

"அம்மா, கீறாதீக, கீறாதீக" என்று தண்டாயுதபாணி ஓடிவந்தார்.

அதற்குள் ரேணுகா பையிலிருந்து மூன்று மடிப்புத் தோல்துண்டை எடுத்து, ஊசிக்கு இரு பக்கமும் அழுத்துகிற காலைத் தூக்கி அடியில் நுழைத்திருந்தார். சக்கரத்தைக் கையால் தள்ளினார். வார்னிஷ் பொரிந்து உதிர்ந்தது. ஊசியும் காலும் ஒன்றாக இறங்கித் தோலைக் கவ்விக்கொண்டு நகர்ந்தன. வீட்டு மெஷின் கீழேயிருந்து மட்டும்தான் தள்ளும், மேல்மடிப்பு பின்தங்கிவிடும். இது எல்லா மடிப்பையும் கைபிடித்துக் கூட்டிப்போகிற ரகம். ரேணுகா முகத்தைத் தூக்குச்சட்டிகள் பக்கம் திருப்பிக்கொண்டார். விலை பேசி முடிகிறவரை சிரிப்பு வெளியே தெரியக் கூடாது. "நீங்க சொல்றதும் சரிதான், லைட்டு மாட்டுனா நல்லாத்தான் இருக்கும்" என்று சலிப்பாகச் சொல்லிவைத்தார்.

லோடு ஆட்டோவில் ஏற்றும்போது வேல்பாண்டி முனகினார். "இந்தக் கனத்துக்கு ஒரு கறவ மாடு வாங்கியிருக்கலாம்."

"வாங்கிட்டு வாங்க. அது பட்ட தைக்குதான்னு பாப்போம்."

மண்ணெண்ணெயைத் தொட்டுத் தொட்டு வார்னிஷை எடுத்தார்கள். அடுத்தது மோட்டார். மெஷினோடு வந்த பழைய மோட்டார் பெடலில் கால் பட்டாலே லாரிபோலப் பாய்ந்தது. நேர்த்தையலுக்கு அது சரி, பட்டையின் முனை வளைவுக்கு ஆகாது. மதுரையிலிருந்து சர்வோ மோட்டார் ஒன்று வந்தது. காலின் அழுத்தத்துக்கு ஏற்ப நிதானமாக ஓடுவது. வேகத்தை இன்னும் இறக்க, லேத் பட்டறையில் பெரிய சக்கரம் ஒன்றைக் கடைந்து வாங்கி மோட்டாருக்கும் மெஷினுக்கும் நடுவில் மாட்டினார்கள். வேல்பாண்டிதான் எல்லாவற்றையும் முடுக்கினார். ரேணுகா பெடலை மிதித்தார். மெஷின் பின்பக்கமாகச் சுற்றி, நூலைக் காக்காய்க்கூடு மாதிரி சுருட்டிக்கொண்டு நின்றது.

"வாங்குனவுக குணம் அப்பிடியே வந்திருக்கு. சொன்னதுக்கு எதிராத்தான் போகுது" என்றார் வேல்பாண்டி. ரேணுகாவுக்குச் சிரித்துச் சிரித்து மூச்சு வாங்கியது. மோட்டார் பெட்டியில் திசை மாற்றும் பொத்தான் ஒன்று இருந்தது. அதை அமுக்கிவிட்டு மறுபடியும் மிதித்தார். தட். தட். தட்.

"பாத்தீகளா, ஒத்தத் தையலா விழுது. நிக்கச் சொன்ன எடத்துல நிக்கிது."

"என்னையச் சொல்றியா, மெஷினச் சொல்றியா?"

ஓட்டம் அடங்கியும் பிடரி ஒத்துக்கொள்ளவில்லை. தோலைக் கீழிருந்து தள்ளுகிற இரும்புப் பல் உட்புறத்தைப் பிறாண்டியிருந்தது. அந்தப் பல்லைக் கழற்றி, எண்ணெய்க் கல்லில் தேய்த்துத் தேய்த்து முனை மழுக்கினார். பிறகு நூல். மேல் நூலும் கீழ் நூலும் ஒன்றையொன்று கட்டிக்கொள்கிற முடிச்சு தோலின் நடுமடிப்புக்குள் போய் உட்கார வேண்டும். மேல் நூலைக் கொஞ்சம் இறுக்குவார்; ஒரு பட்டை தைப்பார்; கழுத்தில் போட்டுக்கொண்டு சட்னி அரைப்பார். பிடரி உறுத்தும். பிரிப்பார். பிடரி சிவந்து கிடந்தும் மெஷினை ஒரு வார்த்தை வைததில்லை. "அதுக்குப் பாவம், கழுத்தே கெடையாது. என்ன தெரியும்?"

ஒரு மதியம் பட்டையோடு சாப்பிட்டு, பட்டையோடு கண்ணயர்ந்துபோனார். வேல்பாண்டி எழுப்பிக் கழுத்தைக் காட்டினார். எழுந்த கையோடு கோட்டைச்சாமிக்குப் போன் போட்டார்.

கோட்டைச்சாமி மொபெட்டில் வந்து இறங்கினார். பட்டையை உள்பக்கம் திருப்பிக் கட்டைவிரலால் தடவினார்.

"முடிச்சக் காணாமே."

"உள்ள போயிருச்சுண்ணே."

"இன்னைக்கு உள்ள போகும் தங்கச்சி. நாள்பட வெளிய வரும்."

"கழுத்துல போட்டுப் பாருங்க."

"யாரு, நானா?"

"ஏன், நான் போடலையா? செம்மலைக்கு மட்டும்தான் கழுத்து இருக்காக்கும்?"

வேல்பாண்டி இருமுவதுபோல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். கோட்டைச்சாமி மீசையைத் தடவி, தெருவைப் பார்த்து, யாரும் இல்லை என்று தெரிந்ததும் துண்டை எடுத்துவிட்டுப் பட்டையை மாட்டிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார். டீ வந்தது. மழை இல்லாததைப் பேசினார். பருத்திக்கொட்டை விற்கிற விலையைப் பேசினார். செம்மலையைப் பற்றி ஆரம்பித்ததும் எழுந்தே நின்றுவிட்டார். போன வருஷம் தொழுவை விட்டு அது வெளியே வந்த அழகைத் தலையை ஆட்டி ஆட்டிக் காட்டினார். சலங்கை கலகலத்தது. ரேணுகா மெஷினில் உட்கார்ந்து ஒரு துண்டுத் தோலை மெல்லத் தைக்கத் தொடங்கினார்.

வீட்டிலிருந்து கோட்டைச்சாமிக்குப் போன் வந்தது. மாட்டுக்குத் தண்ணீர் காட்ட நேரமாகிவிட்டது.

"தங்கச்சி, தப்பா நெனைக்காத. மெஷின் தையலு மெஷின் தையலுதான். மாட்டுக்கு உறுத்திக்கிட்டேதான் கெடக்கும். ரெக்சின்ல வண்டிக்கு ஒரு சீட்டு வேணாத் தச்சுக் குடு."

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, மொபெட்டைக் கிளப்பிக்கொண்டு போனார். தெருமுனையில் வண்டி பள்ளத்தில் இறங்கி ஏறியது. சலங்கை குலுங்கியது.

வேல்பாண்டி, "அண்ணே, பட்ட" என்று எழுந்தார். ரேணுகா அவர் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார். பெடலிலிருந்து காலை எடுத்தார். மெஷின் நின்றது. ஒவ்வொரு மேட்டுக்கும் ஒரு தரம் கலகலத்தபடி பள்ளத்தூர் ரோட்டில் போய்க்கொண்டிருந்த சத்தத்துக்குத் தலையைச் சாய்த்துக் காது கொடுத்தார்.